ஓட்டியவன் ஒருவன், உடையவன் ஒருவன்!

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் ஏ-4 நெடுஞ்சாலை, ஒருபுறம் மலையையும் மறுபுறம் பள்ளத்தையும் வைத்துக்கொண்டு கொஸ்லந்தையின் ஊடாகச் செல்கிறது. கொழுந்து ஏற்றிய லொறியும், மரக்கறி ஏற்றிய வானும், நோயாளியை ஏற்றிய முச்சக்கர வண்டியும், தியலும நீர்வீழ்ச்சியைக் காணவந்த உல்லாசப் பிரயாணியின் காரும் அந்த ஒரே சாலையில்தான் ஒன்றையொன்று விலக்கிச் செல்லவேண்டும். பிழையை மன்னிக்கும் சாலை அன்று அது. அதற்கு அயலே, எல்ல–வெல்லவாயாச் சாலையில், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இரவு, தங்காலை நகரசபை ஊழியர்கள் சென்ற பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை.

இத்தகைய சாலையின் ஓரத்தில், லயத்து வாசலிலும் கடைவீதியிலும் நாள்தோறும் கேட்கும் பேச்சு ஒன்றுண்டு.

“மச்சான், சாவிய ஒருக்கா தா. பண்டாரவளைக்குப் போயிட்டு பொழுது சாயிறதுக்குள்ள வந்துர்றேன்.”

கேட்பவன் நண்பன், கூடப் படித்தவன், நம் வீட்டுத் துக்கத்தில் தோள்கொடுத்துப் பாடை தூக்கியவன். மறுப்பதெப்படி? சாவி கைமாறுகிறது. சில நாள் கழித்து வாசலில் வந்து நிற்பது பொலீஸ் நிலையத்தின் அழைப்பு. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன இலக்கமுடைய வண்டி வளைவில் முந்திச் சென்றது. அல்லது ஒருவர்மீது மோதிவிட்டு நில்லாது ஓடியது. வண்டி நம்முடையது, ஓட்டியவன் நண்பன். இந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது?

இஃது அற்ப விஷயம், இதற்கு அரசியல் ஏட்டில் இடமா என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டுரிமை மறுக்கப்பட்ட மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் பெயர் நெடுங்காலம் வாக்காளர் இடாப்பிலேயே இருக்கவில்லை. நாடற்றோராய் எஞ்சி நின்றவர்களுக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. காணியுறுதி பலருக்கு இன்றும் கனவே. அத்தகைய குடும்பம் ஒன்று நாட்கூலியில் மிச்சம்பிடித்து, நகையை அடகுவைத்து, லீசிங் கம்பனியின் மாதத் தவணையைத் தலையிலேற்றி ஒரு முச்சக்கர வண்டி வாங்குகிறது. அதன் பதிவுச் சான்றிலே பொறிக்கப்படும் பெயர், அக்குடும்பம் அரசாங்கப் புத்தகத்திற் பெறும் முதற் சொத்தாகவும் இருக்கலாம். அந்தப் பெயருக்கெதிரே ஒரு வழக்கு எழுதப்படுவது அற்ப விஷயமா? வண்டி ஒரு மாதம் ஓடாவிட்டால் தவணை தவறும். தவணை தவறினால் வண்டியே போய்விடும். நண்பன் ஒரு மாலைப்பொழுதிற் செய்த பிழைக்கு ஒரு குடும்பத்தின் ஐந்தாண்டு உழைப்பு விலையாகலாம்.

அழைப்பு வந்தவுடன் மனிதர் மனத்திலே மூன்று எண்ணங்கள் தலைகாட்டும். மூன்றும் பொய், மூன்றும் கேடு.

முதலாவது, “நானல்லேன்” என்று கைகழுவி, எட்டாத ஒருவர்மேற் பழியைப் போடுவது. அவுஸ்திரேலியாவில் மார்க்கஸ் ஐன்பெல்டு என்றொருவர். கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்தவர். அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவின் முதல் தலைவராக வீற்றிருந்தவர். 2006ஆம் ஆண்டு சனவரியில் சிட்னி நகரத்து மொஸ்மன் பகுதியில் அவருடைய கார் வேக எல்லையை மீறியதைக் கமரா பதிவுசெய்தது. தண்டம் 77 டொலர். அவருக்கு அது தூசு. ஆயினும் அவர், அன்று காரை ஓட்டியவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை, தமக்கு அறிமுகமான தோழி என்று நீதிமன்றத்திற் சத்தியஞ்செய்து கூறினார். அந்த அம்மையார் 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார் என்பதைப் பத்திரிகை வெளிப்படுத்திற்று! 2009ஆம் ஆண்டு மார்ச்சில் அம்முன்னாள் நீதியரசருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதிற் குறைந்தது இரண்டாண்டை உள்ளேயே கழிக்கவேண்டும் என்பது தீர்ப்பு. வேகத்துக்காக எவரும் அவரைச் சிறையிலிடவில்லை. இல்லாத நண்பரைச் சாரதி ஆசனத்தில் இருத்தியதற்காகவே சிறை வந்தது.

இரண்டாவது எண்ணம், நட்பின் பெயரால் வருவது: “அவன் பாவம், நானே ஓட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.” கேட்க இனிமையாக இருக்கும். பிரித்தானியாவில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன் 2003ஆம் ஆண்டில் விரைந்து ஓட்டிய குற்றத்தை அந்நாளில் அவர் மனைவியாக இருந்த விக்கி பிரைஸ் தம்மேல் ஏற்றுக்கொண்டார். கணவரின் அனுமதிப்பத்திரம் தப்பிற்று. பத்தாண்டு கழித்து, 2013ஆம் ஆண்டில், நீதியின் போக்கைத் திரித்தமைக்காக இருவருக்கும் தலைக்கு எட்டு மாதச் சிறை. பழியை ஏற்றவருக்கும் சிறை, ஏற்கவிட்டவருக்கும் சிறை. அன்பினாற் சொன்ன பொய்யென்று சட்டம் அதற்கு வேறு தராசு வைத்திருக்கவில்லை.

மூன்றாவது எண்ணம் எல்லாவற்றிலும் இழிந்தது. உழைப்பாளி ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தி, “இவனே ஓட்டினான்” என்று சொல்வது. இந்தியாவின் பூனா நகரில் 2024ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட விலையுயர்ந்த கார் மோதி, இளம் பொறியியலாளர் இருவர் உயிரிழந்தனர். குடும்பத்துச் சம்பளச் சாரதியே காரை ஓட்டினார் என்று சொல்லும்படி அவரை அடைத்துவைத்து வற்புறுத்தினர் என்று சிறுவனின் தந்தைமீதும் பாட்டன்மீதும் பொலீஸார் வழக்குத் தொடுத்தனர். தோட்டங்களில் வாழும் நமக்கு இக்கதையின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. பணமுள்ளவன் செய்த பிழையைப் பணமில்லாதவன் தலையிற் கட்டுவது எத்தனை எளிதென்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். அதே வேலையை நாமே நம்மவனுக்குச் செய்வோமாயின், துரைத்தனத்தைப் பழித்துப் பேச நமக்கு வாய் ஏது?

பொய் மூன்றும் கழிந்தால் எஞ்சுவது மெய். இன்னார் ஓட்டினார், இன்ன நேரத்தில் என்னிடமிருந்து சாவி பெற்றார், அவருடைய விலாசம் இது என்று உள்ளதைச் சொல்வதே அது. இதனைக் காட்டிக்கொடுத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. கேட்கப்படும்போது சாரதியின் பெயரைச் சொல்லவேண்டியது இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படியும், பிரித்தானியாவில் அதே ஆண்டு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படியும் உரிமையாளர் மேலுள்ள கடமை. மௌனமாயிருக்கும் உரிமைக்கு இது முரணாகாதா என்ற கேள்வி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. முரணாகாது என்று 2007ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்த்தது. வண்டியை வைத்திருப்பவன் அதனோடு சில பொறுப்புக்களையும் ஏற்றுக்கொள்கிறான் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டு நடைமுறையை நோக்குவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றும் ஆட்சி செய்கிறது. இதன்கீழ் வரும் குற்றங்களை இருவகையாகப் பிரித்துக் காண்பது நலம். விரைந்து ஓட்டுதல், வளைவில் முந்துதல், குடித்து ஓட்டுதல் ஆகியன ஓட்டுபவனின் குற்றங்கள். வழியில் மறித்துக் கொடுக்கப்படும் தண்டப் பத்திரம் அவன் கைக்கே வருகிறது. பதினான்கு நாளுக்குள் அவன் அதைச் செலுத்தவேண்டும், தவறினால் இருமடங்கு, அதுவும் தவறினால் நீதிவான் நீதிமன்றம். இத்தண்டத்தை நண்பனே கட்டட்டும். அவனுடைய அனுமதிப்பத்திரத்துக்கு அவனே பொறுப்பு.

தேய்ந்த டயர், எரியாத விளக்கு, காலங்கடந்த வருமான அனுமதிப்பத்திரம், புதுப்பிக்காத காப்புறுதி ஆகியன வேறு வகை. இவை வண்டியின் குறைகள். ஆகவே உடையவனின் குறைகள். இவற்றுக்காக வழியில் மறிக்கப்பட்டு நண்பன் தண்டம் கட்டினானாயின், அப்பணத்தை அவன் கேளாமலே திருப்பிக் கொடுக்கவேண்டியவர் நாம். நண்பனின் குற்றத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் தம் வண்டியின் டயரை முதலிற் பார்த்துக்கொள்வாராக.

இவ்விருவகைக்கும் நடுவே, இருவரையும் ஒருங்கே பிடிக்கும் குற்றம் ஒன்றுண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுப்பது அது. ஓட்டியவனும் குற்றவாளி, ஓட்டவிட்டவனும் குற்றவாளி. 2016ஆம் ஆண்டில் அரசாங்கம் சில பாரிய குற்றங்களுக்குத் தண்டத்தை 25,000 ரூபாவாக உயர்த்தத் தீர்மானித்தபோது, அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக அமர்த்துவதும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும். ஆகவே சாவி கைமாறும் அந்தக் கணத்திலேயே உடையவனின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது.

ஓட்டியவர் எவரென்று அறியாத கண்ணொன்றும் இப்போது சாலைக்கு வந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு சனவரியில் கொழும்பில், கமராக்களைக் கொண்டு விதிமீறலைக் கண்டறியும் முறையைப் பொலீஸார் தொடங்கினர். கமரா முதலிற் பிடிப்பது இலக்கத் தகட்டை. இலக்கத் தகடு சுட்டுவது பதிவேட்டிலுள்ள பெயரை. கொழும்பிலே நண்பன் செய்த குற்றம், கொஸ்லந்தையிலே நம் பெயரைத் தேடிவரும். வண்டியை விற்றுக் காசும் வாங்கிவிட்டு, பதிவை மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ விட்டுவைப்போர் இதனை இருமுறை படிப்பாராக. நேற்றைய வண்டியின் குற்றமும் அவர்கள் வாசலுக்கே வரும்.

தண்டம் சிறிது; நட்டஈடு பெரிது. ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ, வண்டி உடையவன் பணங்கொடுக்கவேண்டுமா? இங்கிலாந்தில் இதே கேள்வி இருமுறை எழுந்தது. 1953ஆம் ஆண்டு வழக்கொன்றில், உரிமையாளர் தம் காரை மொன்டி கார்லோ வரை கொண்டுவந்து தரும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் விபத்து நேர்ந்தது. நண்பர் ஓட்டியது உரிமையாளரின் காரியத்துக்காகவும் ஆதலால் உரிமையாளரும் பொறுப்பே என்றது நீதிமன்றம். 1972ஆம் ஆண்டில் மோர்கன்ஸ் எதிர் லோஞ்ச்பரி என்ற வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. மனைவியின் காரை எடுத்துச்சென்ற கணவர் குடித்திருந்தார். ஆதலால் நண்பரொருவரை ஓட்டச் சொன்னார். விபத்தில் அவ்விருவரும் மாண்டனர். காயமுற்ற பிரயாணிகள் கார் உடைமைக்காரியான மனைவிமீது வழக்கிட்டனர். வண்டியை ஓட்ட இடங்கொடுத்தது மட்டும் ஒருவரைப் பொறுப்பாளியாக்காது, தம் காரியத்துக்காக ஓட்டச் செய்தாலே பொறுப்பு வரும் என்று அச்சபை தீர்த்தது. இத்தீர்ப்புக்கள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆயினும் நியாயம் எப்பக்கம் சாய்கிறதென்று காட்டுவன. அவன் காரியமாக அவன் ஓட்டினானா, நம் காரியமாக அவன் ஓட்டினானா என்பதே உரைகல்.

அந்த உரைகல் நீதிமன்றத்துக்கு வெளியிலும் பயன்படும். நள்ளிரவில் நம் தாய்க்கு நெஞ்சுவலி, நமக்கோ காய்ச்சல், அடுத்த லயத்து நண்பன் வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்கு விரைகிறான், வழியில் விரைந்தமைக்காக மறிக்கப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் இருப்பது அவன் பெயரே. ஆயினும் தண்டப் பணம் நம்முடையது. அவன் கலியாண வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து மதிலில் இடித்தானாயின், தண்டமும் அவனுடையது, வண்டி திருத்தும் செலவும் அவனுடையது. இதை முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கி, முதுகுக்குப் பின்னே ஊரெல்லாம் சொல்லித் திரிவதினாலேதான் நட்புக்கள் முறிகின்றன.

காப்புறுதி காப்பாற்றும் என்று நம்பியிருப்போருக்கும் ஒரு சொல். மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ளவர், மது அருந்தாதவர் ஓட்டவேண்டும் என்பது காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாகக் காணும் நிபந்தனை. 100 மில்லிலீற்றர் குருதியில் 0.08 கிராம் மதுசாரம் என்பது நம் நாட்டின் எல்லை. அதனை மீறியவனிடம் சாவி இருந்தால், நம் பெட்டியிலுள்ள காப்புறுதிப் பத்திரம் வெறுங் காகிதமாகிவிடக்கூடும். எது நேர்ந்தாலும் கம்பனிக்கு அன்றே அறிவிப்பது முறை.

இனி, பொலீஸ் நிலையத்தில் நடப்பதைச் சொல்லவேண்டும். மெய் சொல்லத் துணிந்து செல்கிறான் நம்மவன். தமிழில் சொல்கிறான். எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதி முடித்துக் கையொப்பமிடச் சொல்கிறார். “நண்பன் ஓட்டினான்” என்று சொன்னது “நான் ஓட்டக் கொடுத்தேன்” என்று எழுதப்பட்டதா, “நான் ஓட்டினேன்” என்று எழுதப்பட்டதா என்பதை அவன் அறியான். ஒரு வினைச்சொல் மாறினால் ஒரு மனிதன் குற்றவாளி! 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் நமக்குச் செய்த தீங்கு ஏட்டளவில் முடிந்துவிடவில்லை. இத்தகைய மேசைகளில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் சட்டம் மாறியிருக்கிறது என்பதை நம்மவர் அறியவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் தமிழன் தமிழில் அதிகாரியோடு கருமமாற்ற உரிமையுடையவன். நீதிமன்றத்தில் வழக்கை விளங்கிக்கொள்ள உரைபெயர்ப்பாளரைத் தரவேண்டியது அரசின் கடன். எனவே, வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள், அன்றேல் தமிழிற் படித்துக் காட்டுங்கள். அதன் பின்னரே கையொப்பம் என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள். எழுத்தறிந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் அந்த வேளையில் நம் தொழிலாளியோடு கூடச்செல்வது அவர்கள் செய்யக்கூடிய பெருந்தொண்டு.

நண்பனை என் செய்வது? பொலீஸுக்குச் செல்லுமுன் அவனிடமே செல்லவேண்டும். “அழைப்பு வந்திருக்கிறது, உள்ளதைச் சொல்லப் போகிறேன், நீயும் வா, சேர்ந்தே போவோம்” என்று சொல்லவேண்டும். அவன் வந்தால் நட்பு பிழைத்தது. நீதிமன்றத்தில் அவன் நிற்கும் நாளில் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நில்லுங்கள். பணமில்லையென்றால் கடன் கொடுங்கள். குற்றத்தைத் தவிர வேறெல்லாவற்றையும் அவனுக்காகச் சுமக்கலாம். வரமாட்டேன், என் பெயரைச் சொல்லாதே என்று அவன் மன்றாடினால், அவன் கேட்பது நம் வண்டியை அன்று, நம் பெயரை. அது இரவல் கொடுக்கும் பொருள் அன்று. வள்ளுவர் நட்பைப் பாடிய அதிகாரத்துக்கு அடுத்தபடியே நட்பாராய்தலை வைத்தார். அதற்கு அடுத்தே, பழகியவர் உரிமையோடு செய்வதைப் பொறுக்கும் பழைமையை வைத்தார். ஆராய்வது முன்னே, பொறுப்பது பின்னே. நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்தபின் ஆளை ஆராய்கிறோம்.

தமிழ் மன்னன் எல்லாளனின் மகன் ஓட்டிவந்த தேர் கன்றைக் கொன்றதும், அவன் மகனையே தண்டித்ததும் எல்லாரும் அறிந்த கதை. அவனைப்பற்றி மகாவமிசம் சொல்லும் மற்றொரு கதையை அத்தனை பேர் அறியார். ஒருகால் அவன் சென்ற தேரின் நுகம் தூபி ஒன்றிற் பட்டுச் சில கற்கள் சிதைந்தன. வேண்டுமென்று நேர்ந்ததன்று. “தேரோட்டியைக் கேளுங்கள்” என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனோ தேரினின்றும் குதித்து வீதியிலே கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்கச் சொன்னான். அமைச்சர் தடுத்தனர், சிதைந்ததைத் திருத்திக் கொடுத்தாற் போதும் என்றனர். பதினைந்து கற்களைத் திரும்ப வைக்க அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்கிறது அந்நூல். எதிர்த்தரப்பாரின் ஏடே ஒரு தமிழனுக்குக் கொடுத்த நற்சான்று அது. அவனைப்போல் தலையைக் கொடு என்று இன்று நம்மை எவரும் கேட்கவில்லை. தேரிலிருந்து இறங்கி வந்து, நடந்ததை நடந்தபடி சொல்லுமாறே கேட்கின்றனர்.

ஆகவே, நாளை மாலை லயத்து வாசலில் நண்பன் வந்து கைநீட்டும்போது சாவியைக் கொடுங்கள், தடையில்லை. கொடுக்குமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “லைசன் இருக்கா மச்சான்?” அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்பவனுக்குச் சாவி இல்லை.